பட்டத்தோடு சேர்ந்து வளர வேண்டியவை: மதுரை மாணவர்களை முன்வைத்து

காலை ஏழரை மணிக்கு மேல் மாட்டுத்தாவணிக்கும் பெரியார் பேருந்து நிலையத்துக்கும் வந்து சேரும் பேருந்துகளில் பாதிக் கூட்டம் கல்லூரி மாணவர்களாகவே இருக்கும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து வரும் அவர்களில் பலர் தத்தம் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் தலைமுறையினர். 2021-22 ஆம் ஆண்டுக்கான அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு; நாட்டின் சராசரியோ 28.4 விழுக்காடுதான். 1881இல் பசுமலையில் தோன்றிய அமெரிக்கன் கல்லூரி, 1889இல் தோன்றிய மதுரைக் கல்லூரி, பெண்களுக்கென 1948இல் எழுந்த லேடி டோக் கல்லூரி, 1949இல் கருமுத்து தியாகராசர் நிறுவிய கல்லூரி, 1966இல் உருவான மதுரைப் பல்கலைக்கழகம் என்று படிப்படியாகத் திறந்த கதவுகளின் பயனை இந்தத் தலைமுறை துய்க்கிறது. சேர்க்கைக்கான போராட்டத்தில் பெரும்பகுதியை நாம் கடந்துவிட்ட நிலையில், உள்ளே வந்தவர் மூன்று ஆண்டுகள் கழித்து எத்தகைய மனிதராக வெளியே போகிறார் என்பதைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

இந்தப் பேச்சு புதிதன்று. உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தினைத் தொகுத்தது. முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், ஆய்ந்து சிந்தித்தல், தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் முதலியவை அதில் அடங்கும். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் ‘ஜீவன் கௌஷல்’ என்ற பெயரில் இளநிலை மாணவர்களுக்கான வாழ்க்கைத் திறன் பாடத்திட்டத்தை வெளியிட்டது. தமிழ்நாட்டு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் வேலைவாய்ப்புக்கான திறன்களைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது. இவை எல்லாம் தேவையான முயற்சிகளே. ஆயினும், கல்லூரி வகுப்பறையில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு கவலை உண்டு. திறன் என்பதை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தனியாக நடத்தும் இன்னொரு பாடமாக ஆக்கிவிட்டால், அதையும் மாணவர் மற்றப் பாடங்களைப் போலவே ஜெராக்ஸ் கடையில் வாங்கிய நோட்ஸைப் பார்த்து மனப்பாடம் செய்துவிடுவார். ‘தலைமைப் பண்பின் ஐந்து கூறுகளை எழுதுக’ என்ற வினாவுக்குப் பத்து மதிப்பெண் வாங்கிய மாணவர், துறை விழாவுக்கு நான்கு பேரைச் சேர்த்துப் பந்தல் போடத் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். பண்பும் திறனும் பாடத்துக்குப் பக்கத்தில் வளர்வன அல்ல; பாடத்தை எப்படிக் கற்கிறோம் என்ற முறையிலேயே அவை உருவாகின்றன.

நம் மரபு இதை நன்றாகவே அறிந்திருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம் மாணாக்கரை மூன்று தரமாகப் பிரிக்கிறது. நீரை விலக்கிப் பாலைக் கொள்ளும் அன்னமும், கண்டவிடத்தில் மேய்ந்து பின் அமர்ந்து அசைபோடும் பசுவும் முதல் தரம். உழைப்புக்கேற்ற விளைவைத் தரும் மண்ணும், கற்பித்ததை மட்டும் சொல்லும் கிளியும் இடைத் தரம். நல்லதை ஒழுகவிட்டுக் கசட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நெய்யரி, அதாவது நெய் வடிகட்டி, கடைத் தரத்தில் ஒன்று. கிளிக்குக் கிடைத்திருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். சொன்னதைப் பிசகாமல் திருப்பிச் சொல்லும் ஆற்றலை இன்று நாம் ‘டிஸ்டிங்ஷன்’ என்று கொண்டாடுகிறோம். நன்னூலாருக்கு அது இடைத் தரம்தான். அதைவிட வியப்பானது அவர் தரும் கணக்கு. ஆசிரியர் சொன்னதை முழுமையாக உள்வாங்கினாலும் புலமையில் கால்பங்குதான் கைகூடும். உடன் பயில்வோரோடு பழகிக் கலந்து கற்பதால் இன்னொரு கால்பங்கு. எஞ்சிய அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைப்பதால் வருவது. கல்லூரி நேரத்தில் பெரும்பகுதியை விரிவுரைக்கே கொடுத்துவிட்டு, முழுப் புலமையை எதிர்பார்க்கும் நம் ஏற்பாட்டோடு இந்தக் கணக்கை ஒப்பிட்டால் எங்கே குறைகிறது என்பது தெரியும்.

முதலில் வளர வேண்டியது ஒரு கூற்றை நம்புவதற்கு முன் அது எதன்மேல் நிற்கிறது என்று பார்க்கும் பழக்கம். இதற்கு மதுரை மாணவருக்குக் கீழடியைவிட நல்ல பயிற்சிக்களம் அமையாது. நகரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரில் இந்தியத் தொல்லியல் துறை 2014-15இல் அகழாய்வைத் தொடங்கியது. பின்னர்ப் பணியை ஏற்ற தமிழ்நாடு தொல்லியல் துறை 2018இல் நான்காம் கட்ட ஆய்வை நடத்தி, 2019இல் அறிக்கை வெளியிட்டது. அதன்படி 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்ட ஒரு மாதிரி, அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் செய்த கரிமப் பகுப்பாய்வில் பொது ஆண்டுக்கு முன் (பொ.ஆ.மு.) 580 என்ற காலத்தைக் காட்டியது. பானை ஓடுகளில் தமிழ்-பிராமி எனப்படும் தமிழி எழுத்தில் ‘ஆதன்’ போன்ற பெயர்கள் கிடைத்தன.

நம் மாணவர்கள் அனைவருக்கும் இதில் பெருமிதம் உண்டு; இருக்கவும் வேண்டும். ஆனால் கைப்பேசியில் வரும் பகிர்வுகளோ இந்த ஆண்டை விருப்பம்போலப் பின்னுக்குத் தள்ளுகின்றன, அல்லது ஒரேயடியாக மறுக்கின்றன. கல்வி பெற்றவர் என்ற சொல்லுக்கு உரியவர் இந்த இரண்டு கூச்சலுக்கும் நடுவே சில கேள்விகளை எழுப்ப வேண்டும். அந்த மாதிரி எந்த மண்ணடுக்கில் கிடைத்தது? எத்தனை மாதிரிகள் சோதிக்கப்பட்டன? ஒரு கரித்துண்டின் வயது அந்த அடுக்கின் காலத்தை எந்த அளவுக்குச் சொல்லும்? வீட்டுப் புழக்கத்தில் இருந்த பானையில் ஒருவர் தம் பெயரைக் கீறி வைத்தார் என்றால் அந்தச் சமூகத்தில் எழுத்தறிவு யாரிடமெல்லாம் இருந்திருக்கக் கூடும், அதை ஓட்டின் எண்ணிக்கையிலிருந்து எவ்வளவு தூரம் ஊகிக்கலாம்? வேதியியல் மாணவர் கரிமத்தின் சிதைவைக் கொண்டும், தமிழ் மாணவர் எழுத்தின் வடிவைக் கொண்டும், புள்ளியியல் மாணவர் பிழைவரம்பைக் கொண்டும் இதை அணுக முடியும். 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் பொருள்களைப் பார்த்துப் படமெடுத்துத் திரும்புவதற்குப் பதிலாக, இப்படி மூன்று துறை மாணவர்களை ஒரே பொருளின் முன் நிறுத்தி அரை நாள் பேச விட்டால், ஆய்ந்து சிந்தித்தல் என்ற தலைப்பில் ஒரு பருவம் முழுக்க வகுப்பெடுப்பதைவிட அதிகம் விளங்கும். இந்தப் பழக்கம் படிந்தவர், நாளை வீட்டுக்குக் கடன் தர வரும் நிறுவனத்தின் விளம்பரத்தையும், அம்மாவின் சர்க்கரை நோய்க்கு மருந்தை நிறுத்தச் சொல்லும் காணொளியையும் இதே கேள்விகளோடு பார்ப்பார்.

அடுத்தது, தன் சொல்லுக்குத் தானே பொறுப்பேற்கும் நேர்மை. பொற்றாமரைக் குளத்தைச் சுற்றி வரும் நாம் தருமியின் கதையைச் சொல்லும்போது நக்கீரரின் துணிவைத்தான் பெரும்பாலும் பாராட்டுகிறோம். மாணவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டியவர் தருமி என்பது என் எண்ணம். திருவிளையாடற் புராணம் சொல்லும் தருமி ஏழை. பொற்கிழி அவனுக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. இறைவன் எழுதித் தந்த பாடலை எடுத்துச் சென்றான். பாட்டில் பொருட்குற்றம் உண்டு என்று நக்கீரர் சொன்னவுடன் அவனால் ஒரு சொல்லும் பேச முடியவில்லை, ஏனென்றால் பாடல் அவனுடையதாக இல்லை. எழுதியவர் கடவுளாகவே இருந்தபோதிலும் அவையில் நின்று விடை சொல்ல வேண்டியவன் அவன்தான்.

இன்று ஒரு அசைன்மென்ட்டைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கிச் சமர்ப்பிக்கும் மாணவரின் நிலை இதற்கு மிக நெருக்கமானது. அவர்களில் பலரைச் சோம்பேறிகள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் சொந்தமாக ஒரு பத்தி எழுதினால் பிழை வரும், பிழை வந்தால் வகுப்பில் சிரிப்பார்கள் என்ற அச்சமே அவர்களை அந்த வழியில் தள்ளுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை என்றும், 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே ரத்து என்றும் வகுத்துள்ளன. ஆனால் விழுக்காட்டை எண்ணும் மென்பொருள் சொற்களை மட்டுமே எண்ணும். பிழையோடு எழுதிய சொந்தப் பத்திக்கு, பிழையில்லாத இரவல் பத்தியைவிடக் கூடுதல் மதிப்பெண் உண்டு என்று ஆசிரியர் சொல்லிலும் செயலிலும் காட்டும் வகுப்பில்தான் நேர்மை வேர்பிடிக்கும். செயலியைப் பயன்படுத்துவதையே தடை செய்ய வேண்டியதில்லை. அது தந்த விடையில் எது சரி, எது தவறு, எது நம் ஊருக்குப் பொருந்தாது என்று பிரித்துக் காட்டச் சொல்லும் பயிற்சி, அன்னத்தின் வேலையை மாணவருக்குக் கொடுக்கும்.

மொழி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பகுதி மாணவர்களில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஆங்கில வழிப் பட்ட வகுப்பில் வாய் மூடி உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். இவர்களுக்கு நாம் வழக்கமாகத் தரும் மருந்து ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’. வணக்கம் சொல்லவும் தன்னை அறிமுகம் செய்துகொள்ளவும் அது கற்றுத்தரும். அதற்கு மேல் பேசுவதற்குப் பொருள் வேண்டும். வள்ளுவர் அவையஞ்சாமைக்கு ஒரு தனி அதிகாரமே வகுத்தபோது, அந்த அச்சத்தைப் போக்கும் வழியாகக் கல்வியின் அளவறிந்து கற்பதைத்தான் சொன்னார். எடுத்துக்கொண்ட பொருளில் உறுதி வந்தவருக்கு மொழித் தடுமாற்றம் சிறு தடையாகவே இருக்கும். ஆங்கிலத்தில் படித்த ஒரு பாடத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழில் விளக்கிச் சொல்வதும், அந்த விளக்கத்தையே திரும்ப ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்பதுமாக ஓராண்டு பழகிய மாணவர்கள் இரண்டு மொழியிலும் தெளிவு பெறுவதைக் கண்டிருக்கிறேன். விளக்கிச் சொல்ல முடியாமல் நாக்கு எங்கே நிற்கிறதோ, பாடம் அங்கேதான் புரியாமல் இருக்கிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

சிக்கல் தீர்க்கும் திறன், கூட்டாக உழைக்கும் திறன், பிறர் நிலையை உணரும் பண்பு ஆகியவற்றைத் தனித்தனியே விளக்குவதைவிட ஓர் எடுத்துக்காட்டில் சேர்த்துக் காட்டலாம். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் வைகை வழியாக வந்து, பெரியாறு பிரதானக் கால்வாய் மூலம் கள்ளந்திரி வரை இருபோகத்துக்கும், அதற்கப்பால் மேலூர்ப் பகுதிக்கு ஒருபோகத்துக்கும் பாய்கிறது. மேலூர்ப் பக்கம் கடைமடையில் ஒரு ஊருக்கு ஏன் தண்ணீர் வந்து சேரவில்லை என்ற கேள்வியைப் பொருளியல் மாணவர்கள் ஐந்து பேர் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்.

முதல் நாளே அவர்கள் பாடப்புத்தகத்தில் விடை இல்லை என்று கண்டுகொள்வார்கள். அணையின் நீர்மட்டத்தையும் திறப்பு நாள்களையும் நீர்வளத் துறைப் பதிவுகளில் தேட வேண்டும். கால்வாயில் எங்கே கரை உடைந்திருக்கிறது, எந்த மடையின் ஷட்டர் துருப்பிடித்திருக்கிறது என்று நடந்து போய்ப் பார்க்க வேண்டும். பட்டா யாருடையது, கண்மாய்க்குள் எவ்வளவு ஆக்கிரமிப்பு என்பதற்கு வருவாய்த் துறை ஆவணத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரில் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பைத் தலைமுறையாகச் செய்து வந்த பெரியவரிடம் பேச வேண்டும். அவர் எடுத்தவுடன் பேசமாட்டார். ‘எந்த ஊர்ப் பிள்ளைங்க நீங்க?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்குள் சாதியும் இருக்கும் என்பதை நம் பகுதி மாணவர்கள் அறிவார்கள். அதைத் தாண்டி நம்பிக்கையைப் பெறுவதற்குப் பொறுமையும் பணிவும் வேண்டும். கேட்டதைத் திரிக்காமல் எழுதும் நேர்மையும் வேண்டும். தலைமடைக்காரர் சொல்வதும் கடைமடைக்காரர் சொல்வதும் நேர் எதிராக இருக்கும். இரண்டிலும் உண்மை இருக்கும்.

குழுவுக்குள்ளும் சோதனை உண்டு. கல்லூரியில் ஒரே பேருந்தில் வந்தவர்கள் ஒரே பெஞ்சில் உட்காருவதும், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் ஒரே குழுவாகச் சேர்வதும் நாம் நாள்தோறும் பார்ப்பது. ஊரும் உறவும் அமைத்த வட்டம் அப்படியே கல்லூரிக்குள்ளும் தொடர்ந்தால், மூன்று ஆண்டு படித்தும் மாணவர் தம் ஊரைவிட்டு வெளியே வரவில்லை என்றே கொள்ள வேண்டும். எனவே குழுவை ஆசிரியர் பிரித்து அமைப்பது நல்லது. உசிலம்பட்டிப் பையனும் வில்லாபுரத்துப் பெண்ணும் ஒரே கணக்கைக் கூட்டிப் பார்த்து, விடை வேறுபட்டால் சண்டையிட்டு, திரும்பவும் கூட்டிப் பார்க்கும் இடத்தில்தான் கூட்டுழைப்பு என்பது பொருள் பெறுகிறது. இப்படிப்பட்ட களக்கல்வி நமக்கு அந்நியமன்று. மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் சின்னாளபட்டிக்கு அருகே, மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் கோ. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம், காந்தியடிகளின் ஆதாரக் கல்விக் கருத்தை அடித்தளமாகக் கொண்டு 1956இல் கிராமியக் கல்வி நிலையமாக வளர்ந்து, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டமும் இதே நோக்கம் கொண்டதே. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதில் உண்டு. ஏழு நாளும் கோயில் வளாகத்தில் புல் செதுக்கிவிட்டுச் சான்றிதழோடு திரும்பும் முகாம்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அதே ஏழு நாளில் ஒரு கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் முழுவதையும் அளந்து வரைபடமாக்கிவிடலாம்.

நினைத்தது நடக்காதபோது என்ன செய்வது என்பதையும் கல்லூரிக் காலத்திலேயே கற்க வேண்டும். இதற்கு நம் நகரின் மருத்துவர் கோ. வெங்கடசாமியின் வாழ்க்கையை மாணவர்களுக்கு விரிவாகச் சொல்லலாம். இராணுவ மருத்துவராக இருந்த அவரை மூட்டுவாத நோய் முடக்கியது. விரல்கள் வளைந்து இறுகிவிட்டன. மகப்பேறு மருத்துவத்தை விரும்பியவர் அதைக் கைவிட்டுக் கண் மருத்துவத்துக்கு மாறி, வளைந்த விரல்களால் அறுவைக் கத்தியைப் பிடிக்கத் தம்மைத் தாமே பழக்கிக்கொண்டு, மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். பணி ஓய்வுக்குப் பின், 1976இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பு முடித்த சிற்றூர்ப் பெண்களைக் கண் பராமரிப்புப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து அவர்களிடம் பெரும் பொறுப்பை ஒப்படைத்தது அந்த மருத்துவமனையின் முதுகெலும்பாக அமைந்தது. அவருடைய மன உறுதியைப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, எந்த வேலைக்கு மருத்துவர் கட்டாயம் வேண்டும், எந்த வேலையைப் பயிற்சி பெற்ற இன்னொருவர் செம்மையாகச் செய்வார் என்று ஒரு தொழிலையே பிரித்துப் பார்த்த அவருடைய சிந்தனை. பருவத்தேர்வில் அரியர் விழுந்தவுடன் உலகமே முடிந்துவிட்டதாக உடைந்துபோகும் பிள்ளைகளுக்கு ஆறுதல் வேண்டும், தேவையெனில் மனநல ஆலோசனையும் வேண்டும். அதோடு, விழுந்த இடத்தைக் கூறுகூறாகப் பிரித்துப் பார்க்கும் இந்த முறையும் வேண்டும். எந்த அலகு புரியவில்லை, எந்த நாள்களில் படிக்கவில்லை, யாரிடம் கேட்காமல் விட்டோம் என்று எழுதிப் பார்க்கும்போது தோல்வி அளவுக்குள் வந்துவிடும்.

நேரத்தைக் காத்தல், பணத்தைக் கணக்காகக் கையாளுதல் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் துணிக்கடையிலோ உணவகத்திலோ வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவர்கள் இவற்றில் பல ஆசிரியர்களைவிடத் தேர்ந்தவர்கள். அவர்களின் அந்தத் தேர்ச்சியை வகுப்பறை மதிக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

இவை எல்லாம் வளர்வதற்கு வழிவிடும் அதிகாரம் கல்லூரிகளுக்கு ஓரளவு இருக்கிறது. அமெரிக்கன் கல்லூரி 1978இலேயே தன்னாட்சி பெற்றது. பின்னர் மதுரையின் வேறு பல கல்லூரிகளும் பெற்றன. பாடம் நடத்துபவரே வினாத்தாளையும் வகுக்கலாம் என்பது தன்னாட்சியின் சாரம். அகமதிப்பீட்டுக்கு 25, பருவத்தேர்வுக்கு 75 என்பது கலை அறிவியல் கல்லூரிகளில் பரவலாக உள்ள பகிர்வு. அந்த இருபத்தைந்தையும் இன்னொரு எழுத்துத் தேர்வுக்கே செலவிடாமல், மாணவர் தாம் செய்த வேலையைப் பிறர் முன் விளக்கி, கேள்விகளுக்கு விடை சொல்வதற்கு ஒதுக்கலாம். அறுபது பேர் உள்ள வகுப்பில் இது பெரும் உழைப்பு என்பதையும், தற்காலிக ஊதியத்தில் பல வகுப்புகளைச் சுமக்கும் கௌரவ விரிவுரையாளர்களிடம் அந்த உழைப்பைக் கேட்பது எளிதன்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆசிரியர் நியமனத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே மாணவர் பண்புகளைப் பற்றிப் பேசுவது பொருந்தாது.

மேலூர்ப் பக்கம் போன அந்த ஐந்து பேரின் அறிக்கை வழக்கப்படி துறையின் அலமாரிக்குள் போய்ச் சேரக்கூடாது. அவர்கள் தாம் கண்டதைத் தமிழில் நான்கு பக்கத்துக்குச் சுருக்கி, எந்த ஊரில் விவரம் திரட்டினார்களோ அந்த ஊர்ப் பொதுவிடமான மந்தையில் ஒரு மாலையில் வாசிக்க வேண்டும். தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். ‘மூணாவது மடைன்னு எழுதியிருக்கியேப்பா, அது நாலாவது’ என்று அந்தப் பெரியவர் முதலில் குரல் கொடுப்பார். வாசித்துக்கொண்டிருக்கும் மாணவி தம் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, தவறு தம்முடையதாக இருந்தால் அங்கேயே அடித்துத் திருத்திவிட்டு, இல்லையென்றால் தாங்கள் நடந்து எண்ணிய நாளையும் தொடங்கிய இடத்தையும் சொல்லி, அடுத்த வரிக்குப் போவார்.